இரண்டு பலகை, ஒரு கோடு

பிப்ரவரி 3, செவ்வாய்

பத்து மணி வரை மூடுபனி. எதிர் பிளாக் தெரியவில்லை. ஹாலை அளந்தேன். நீளம் பதினெட்டரை அடி, அகலம் பதினொன்று. டேப்பின் மறுமுனையைச் சுனிதா (இனி சு.) பிடித்துக்கொண்டாள். அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள வருபவள். கேட்காமலே மற்ற வேலைகளும் செய்கிறாள்.

அப்பா டி.வி. மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நின்றார் என்று எழுதுவது சரியில்லை. மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளங்கால் தரையை விட்டு எழும்பாது. முழங்கால் மட்டும் நடுங்கும். இன்று நாலு நிமிடம்.

"பாபுஜி ஃபிர் அடக் கயே," என்றாள் சு. பாபுஜி மறுபடி மாட்டிக்கொண்டாராம். பஸ் வரவில்லை என்பது போன்ற தொனி.

"சவம், ஒட்டிக்கிட்டு நிக்கு," என்றார் அப்பா. காலைத்தான். குரல் இப்போது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்.

அவரைச் சுற்றியே அளந்து முடித்தோம்.

பார்க்கின்சன் வந்து ஆறு வருடம். அம்மா போய் இரண்டு. முகம் அசையாமல் போய் ஒன்று.

மதியம் அண்ணா பெங்களூரிலிருந்து போன். 22ஆம் தேதி, ஞாயிறு, வருகிறான். கோவையில் ஒரு முதியோர் இல்லம் பார்த்துவைத்திருக்கிறான். நர்ஸ் உண்டு. தோட்டம் உண்டு. "அவர் ரூம்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் யாரும் பிடிக்காம நடக்கட்டும் கோமு. ஒரே ஒரு தடவை, என் கண்ணு முன்னாடி. அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன். முடியலன்னா கூட்டிட்டுப் போயிடுறேன். நீயும் எத்தன நாள் இப்படி?"

கோபப்பட முடியவில்லை. அவன் சொல்வதில் தப்பு எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஸ்பீக்கரில் பேசியிருக்கிறேன். அப்பா நாற்காலியில், பால்கனியைப் பார்த்தபடி.

அவர் அறையிலிருந்து குளியலறைக்கு ஹாலின் முழு நீளம். பத்தொன்பது நாள்.


பிப்ரவரி 4, புதன்

மீண்டும் பனி. அலுவலகத்துக்கு லேட். லோதி ரோடு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்து தரையைப் பற்றி யோசித்தேன். இத்தனை நாவல்கள் படித்திருக்கிறேன், ஒன்றிலும் யார் வீட்டுத் தரையும் நினைவில் இல்லை. ஜன்னல்கள் இருக்கின்றன, படிக்கட்டுகள், மழை. தரையில் எல்லோரும் சும்மா நடந்து போய்விடுகிறார்கள்.

அண்ணாவின் வாட்ஸப்: 'எதுக்கு ஃப்ளோரிங்? இப்பவா?' பதில் போடவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

போன மாதம் டாக்டரைப் பார்த்துத் திரும்பும்போது ரோட்டோரம் அப்பா உறைந்துவிட்டார். பின்னால் ஆட்டோ, ஹாரன், "ஹட் ஜாவோ அங்கிள்" என்று விலகச் சொல்லிக் கத்தல். அரை அடி தள்ளி நடக்கும்படி நான் கைப்பிடித்து இழுத்ததில் கால் எப்படியோ ஜீப்ரா கிராஸிங்கின் முதல் வெள்ளைக் கோட்டில் பட்டது. பட்டதும் நடந்தார். எட்டரை மணி ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்கப்போகும் பழைய நடை. நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. எதிர்ப்பக்கம் வெறும் நடைபாதை. மறுபடி ஒட்டிக்கொண்டார்.

டாக்டருக்கு இது அதிசயமில்லை. வழிக்குக் குறுக்கே கோடு இருந்தால் கண் காலுக்கு ஆணை கொடுக்கும், மூளையின் கெட்டுப்போன பகுதியைச் சுற்றிக்கொண்டு போகும் என்றார். "சிலருக்கு. கொஞ்ச நாளைக்கு." கடைசி இரண்டு வார்த்தையை நான் கேட்காதது போல் இருந்துவிட்டேன்.

பிறகு வீட்டிலும் கண்டுகொண்டேன். வெயில் நாளில், காலை பத்திலிருந்து பத்தரை, பால்கனிக் கம்பிகளின் நிழல் ஹாலில் குறுக்குக் கோடுகளாக விழும். அந்த அரை மணி நேரம் நன்றாக நடக்கிறார். பனி நாளில் நிழலும் இல்லை, நடையும் இல்லை.

கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பார்த்தாயிற்று. இருபது அங்குல இடைவெளி: எட்டவில்லை. பன்னிரண்டு: இழுத்து இழுத்து வைத்தார். பதினாறு: நடந்தார். ஆனால் தினம் காலை துடைக்கும்போது டேப் கிளம்பிவிடுகிறது. போன வாரம் ஒரு முனை அவர் குதிகாலில் ஒட்டி, சு. பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார்.

ஆகவே வினைல் பலகைத் தரை. வழுக்காது. குளிரில் காலைக் கடிக்காது. விழுந்தாலும் இப்போதுள்ள மொசைக் தரை போல அடிபடாது. கோடு அதிலேயே பதிந்திருக்கும், யாரும் துடைத்து எடுக்க முடியாது.


பிப்ரவரி 5, வியாழன்

அரை நாள் லீவு. கீர்த்தி நகர். வரிசையாகக் கடைகள், எல்லாவற்றிலும் ஒரே பலகை, வேறு வேறு பெயர்.

நான் பார்த்தவை, எழுதிவைத்தது:
ஹனி ஓக் – மஞ்சள், கண் கூசும்.
வால்நட் – அழகு. ஆனால் முடிச்சு முடிச்சாகக் கறுப்பு. முடிச்சைப் பூச்சி என்று நினைத்து நின்றுவிடுவார்.
ஸ்மோக் க்ரே – டெல்லி ஜனவரி. வேண்டாம்.
மார்பிள் டிசைன், பளபளப்பு – பார்த்தால் தண்ணீர் நிற்பது போல. கூடவே கூடாது.
வெளிர் ஆஷ், மேட், பளபளக்காதது – இது.

கடைக்காரர் ஐம்பது வயது, கையில் டேப்லட். ஹாலின் போட்டோ கேட்டார். என்னிடம் இருந்தது அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம்தான். அதில் ஒவ்வொரு தரையாகப் போட்டுக் காட்டினார். விரலைத் தட்டினால் ஓக், தட்டினால் வால்நட். அந்த மெஷினுக்குக் காலும் தரையும் ஒன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் அப்பாவுக்குக் கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. பலகை மூடிவிட்டது. ஓக்கில் நட்ட மாதிரி, வால்நட்டில் நட்ட மாதிரி.

"அங்கிள்ஜிக்கு எடுப்பா இருக்கு பாருங்க," என்றார்.

வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு வேண்டியதைச் சொன்னேன். வெளிர் பலகை இரண்டு, நடுவில் இரண்டு அங்குல அகலத்தில் கறுப்புப் பட்டை ஒன்று. மறுபடி இரண்டு பலகை, ஒரு பட்டை. ஹாலுக்குக் குறுக்கே. பட்டைக்குப் பட்டை பதினாறு அங்குலம். மொத்தம் பதினான்கு பட்டை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "மேடம், யே தோ ரேல் கி பட்ரி பன் ஜாயேகி." வீடு தண்டவாளமாகிவிடுமாம். பலகையை நீளவாட்டில் போட்டால் ஹால் பெரிதாகத் தெரியும், குறுக்கே போட்டால் ரயில் பெட்டி. மேலே ஒரு க்ரே கம்பளம், மூலையில் ஒரு செடி, சோபாவுக்குப் பின்னால் ஒரு விளக்கு. "நாலு பேர் வந்தா என்ன சொல்லுவாங்க?"

நாலு பேர் வருவதில்லை என்று சொல்லவில்லை. கம்பளம் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அப்பாவுக்கு நடக்க என்று விளக்கவும் மனம் வரவில்லை. சொன்னால் எல்லோரும் ஒரே மாதிரி தலையைச் சாய்ப்பார்கள். அதைப் பார்க்க முடியவில்லை இப்போதெல்லாம்.

விளக்கியிருக்க வேண்டுமோ. ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்துவிட்டு வந்தேன்.


பிப்ரவரி 7, சனி

வெயில். பெட்டிகள் வந்தன. உடனே ஒட்டக் கூடாதாம். பலகை இரண்டு மூன்று நாள் அந்த அறையிலேயே கிடந்து அறையின் குளிருக்குப் பழக வேண்டும், இல்லையென்றால் பிறகு சுருங்கும், விரியும். அன்வர் பாய் போனில் சொன்னார். இவர்தான் தரை போடும் மிஸ்திரி. செவ்வாய் வந்து பழைய தரையைச் சமப்படுத்துவார். புதன், வியாழன் பலகை. வெள்ளி காலை நடக்கலாம்.

பழகட்டும். இந்த வீட்டில் எல்லாமே இரண்டு நாளில் பழகிவிட்டால் நல்லது.

ஒரு பெட்டியைப் பிரித்தேன். கறுப்புப் பட்டைகளை எடுத்து மொசைக் மேலேயே சும்மா பரப்பினேன். பதினாறு, பதினாறு, பதினாறு. சு. ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பட்டையை மிதிக்கக் கூடாது, தாண்ட வேண்டும்.

"அப்பா, கோட்டைப் பாருங்க. தாண்டுங்க."

பார்த்தார். வலது கால் எழும்பியது. இடது. வலது. குளியலறைக் கதவு வரை நிற்கவில்லை. பதினான்கு. கதவைத் தொட்டு, அங்கேயே சாய்ந்துகொண்டு திரும்பினார்.

"ஏளா, சிலீப்பர் கட்டைல்லா இது."

தண்டவாளம் என்று கடைக்காரர் சொன்னதை அவருக்கு நான் சொல்லவே இல்லை. அதை இப்போது சொன்னேன். முகத்தில் ஒன்றும் அசையவில்லை, அசையாது. தோள் மட்டும் இரண்டு தடவை குலுங்கியது. சிரிப்பு அது. எனக்கும் சு.வுக்கும் தெரியும்.

சு. வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

எழுதுகிறேன், ஆனால் நம்பப் பயமாக இருக்கிறது. நல்லது நடந்த நாளில் டைரி எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.


பிப்ரவரி 8, ஞாயிறு

ஹாலைக் காலி செய்தல். உள்ளறைக்குப் போனவை: டி.வி. மேசை, கண்ணாடி அலமாரி, அம்மாவின் தையல் மெஷின் (உடைந்தது, ஆனாலும்), அப்பாவின் ஆபீஸ் டிரங்க், ஏழு மூட்டைப் பழைய பத்திரிகை. போகாதது: சோபா. மூவர் தூக்க வேண்டும்.

பசை நாற்றம் அவர் நெஞ்சுக்கு ஆகாது. அதனால் செவ்வாய் முதல் வெள்ளி வரை கரோல் பாகில் மணி மாமா வீடு. அப்பாவோடு முப்பது வருடம் ஒரே செக்‌ஷனில் இருந்தவர். கேட்டதும், "இதெல்லாம் கேக்கணுமா? அழைச்சுண்டு வா," என்றார்.

எடுத்துவைக்க: மாத்திரை டப்பா (ஆறு வேளை), ஸ்வெட்டர் 2, குல்லா, உறிஞ்சுகுழல், பிளாஸ்க், கறுப்பு ஷூ. மாத்திரை நேரம் பெரிய எழுத்தில் தனித் தாளில்.

அப்பா கேட்டது ஒன்றுதான். "என்னைக்கு வருவ?"

"வெள்ளிக்கிழமைப்பா."

"வெள்ளிக்கெழம வந்துருவல்லா?"

"கண்டிப்பா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "கோயம்புத்தூருக்கு அங்கேருந்து நேரா போறதில்லல்லா?"

அப்படியானால் அன்று ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை நானே வந்து இங்கே அழைத்து வருகிறேன் என்று சத்தியம் போலச் சொன்னேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.


பிப்ரவரி 10, செவ்வாய்

லேசான வெயில், காற்று. காலையில் அன்வர் பாய் வந்து வேலையைத் தொடங்கிவிட்டார். நான் அப்பாவோடு கரோல் பாக். மாமா வீடு இரண்டாம் மாடி. படி அவருக்குக் கஷ்டமில்லை என்றால் யாரும் நம்புவதில்லை. படி என்பதும் குறுக்குக் கோடுதான். டக் டக்கென்று ஏறினார். மாமி கதவைத் திறந்து, "என்ன, இவருக்கா உடம்பு சரியில்லங்கறே?" என்றாள்.

உள்ளே ஹால். போன வருடம் மாற்றிய டைல்ஸ். ஒவ்வொன்றும் கதவு அகலம், பால் வெள்ளை, இணைப்பே தெரியவில்லை. அப்பா வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு ஓரடி வைத்தார். நின்றார்.

பார்த்தேன். அந்தத் தரையைப் பார்த்தேன். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று இந்த ஊரிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். மூன்று நாள்தானே என்று நினைத்தேன்.

சு. பகலில் அங்கே வந்துவிடுவாள் என்று ஏற்பாடு. மாமா சோபாவிலிருந்து படுக்கைக்கு அவரைத் தானே கைப்பிடித்து அழைத்துப் போவதாகச் சொன்னார். மாமாவுக்கு எழுபத்து நாலு.

கிளம்பும்போது அப்பா ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு இரண்டு, பிறகு மூன்று. புதன், வியாழன், வெள்ளி.


பிப்ரவரி 12, வியாழன்

குளிர் திரும்பிவிட்டது. ஆபீஸில் அறிக்கை கெடு, லீவு இல்லை, நேற்றும் இன்றும் வீட்டுக்கு ஐந்துக்குத்தான் வர முடிந்தது. நேற்றுப் பார்த்தபோது பசை தடவி ஒரு ஓரம் மட்டும் ஆரம்பித்திருந்தார், எதுவும் புரியவில்லை. இன்று கதவைத் திறந்தேன்.

முடித்துவிட்டார். முழு ஹாலும். நீளவாட்டில்.

வெளிர் பலகைகள் என் காலடியிலிருந்து பால்கனி வரை ஓடுகின்றன. மாலை வெளிச்சம் அதன் மேல் வழிகிறது. கறுப்புப் பட்டைகளை வீணாக்காமல் நாலு சுவரோரமும் பார்டர் கட்டியிருக்கிறார், மூலைகளில் நாற்பத்தைந்து டிகிரி வெட்டி, இடுக்குத் தெரியாமல். ஹால் நிஜமாகவே பெரிதாகத் தெரிந்தது. அழகாக இருந்தது. இதை நேர்மையாக எழுதிவிட வேண்டும்: ஒரு நிமிடம் எனக்கு அது பிடித்திருந்தது.

அப்பா நடக்கும் வழியில் ஒரு கோடுகூட இல்லை.

அன்வர் பாய் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார், பாராட்டுக்கு. நான் தாளைக் கேட்டேன். மடித்துப் பையில் பத்திரமாக வைத்திருந்தார்.

"இதுல குறுக்கேதானே போட்டிருக்கேன் பையா?"

"பார்த்தேன் மேடம்ஜி. கடையிலயும் சொன்னாங்க. தெரியாம வரைஞ்சிருப்பீங்கன்னு திருத்திட்டேன். பலகை வெளிச்சம் வர்ற பக்கமா போகணும். இருபத்திரண்டு வருஷமா போடுறேன், யாரும் குறுக்கே கேட்டதில்ல. உங்க வீட்ட கெடுக்க மனசு வரல."

மரியாதையால் செய்த தப்பு. அப்போதாவது அப்பாவைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே தீதி," என்றார். மேடம்ஜி போய்விட்டது, இப்போது அக்கா.

பிறகு தொழில் பேச்சு. குளிரில் பசை இன்னும் இறுகவில்லை. இன்றே என்றால் பலகை உடையாமல் எடுக்கலாம். நாளை என்றால் எல்லாம் பாழ். எடுத்து, சுரண்டி, மறுபடி போட இரண்டு நாள். அவரே இன்னொன்றும் சொன்னார்: "இப்படியே இருக்கட்டும்னா, மேலே கறுப்பு டேப் ஒட்டித் தர்றேன். நாளைக்கே பாபுஜி வந்துடலாம்."

டேப். குதிகாலில் ஒட்டிய டேப்.

"எடுங்க," என்றேன்.

மாமாவுக்குப் போன். "இன்னும் ரெண்டு நாள் மாமா, ஞாயித்துக்கிழமை வந்துடறேன்." "அதுக்கென்னம்மா, அவர் பாட்டுக்கு இருக்கார்." அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். தூங்குகிறார், எழுந்ததும் சொல்லிவிடுகிறேன் என்றார். அறிக்கை இன்னும் பாதி இருந்தது. சரி என்றேன்.

அன்வர் பாய் முதல் பலகையை நெம்பி எடுத்தபோது பசை நூல்நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. பார்க்கச் சங்கடம். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு திமிர். வாழ்க்கையில் ஒரு விஷயத்திலாவது 'பரவாயில்லை, இருக்கட்டும்' என்று சொல்லாமல் நின்றேன்.


பிப்ரவரி 13, வெள்ளி

அப்பா விழுந்துவிட்டார். மாமா வீட்டு ஹாலில். காலை பதினொன்று இருபது. இடது இடுப்பு எலும்பு.

ஆம்புலன்ஸுக்குள் அவர் முகத்தைப் பார்த்தேன். வலி இருக்க வேண்டும். முகம் எப்போதும் போல.


பிப்ரவரி 14, சனி

ஆஸ்பத்திரி. திங்கள் ஆபரேஷன்.

காரிடாரில் மணி மாமா. ஸ்வெட்டரை மாற்றிப் போட்டிருக்கிறார், தையல் வெளியே. நான் கேட்காமலே சொன்னார், மூன்று தடவை, ஒரே மாதிரி:

"நான் சொன்னேன்மா. சத்தியமா சொன்னேன். ராத்திரி மாத்திரை குடுக்கறச்சே, ஞாயித்துக்கிழமைதான்னு சொன்னேன். தலையாட்டினார். கார்த்தால எழுந்து, ஸ்வெட்டர் போட்டுண்டு, குல்லா போட்டுண்டு, ஷூவக் கொண்டான்னார். சுனிதா மாட்டிவிட்டா. வாக்கிங்காக்கும்னு நெனச்சோம். சோபாலே உக்காந்துண்டு வாசலையே பாத்துண்டிருந்தார். நான் பேப்பரப் பிரிச்சேன். 'இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா'ன்னார். 'ஆமா, ஆனா கோமதி ஞாயித்துக்கிழமைன்னாளே'ன்னேன். 'அவ வெள்ளிக்கிழமைன்னா'ன்னுட்டு எழுந்துண்டார். ரெண்டு அடி. அவ்வளவுதான். அங்கேயே கால் ஒட்டிண்டுடுத்து. மேல் உடம்பு மட்டும் போயிண்டே இருந்தது."

மாமாவின் தப்பில்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. அன்வர் பாயின் தப்பும் இல்லை. டேப் ஒட்டித் தருகிறேன் என்றாரே. ஒட்டியிருந்தால் வெள்ளி காலை ஒன்பதுக்கு நான் கரோல் பாகில் இருந்திருப்பேன்.

இதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பயனில்லை. ஒரு தடவை எழுதிவிட்டேன். பதினாறு அங்குலம் சரியாக வர வேண்டும் என்று நின்றவள் நான். வெள்ளிக்கிழமை என்று சத்தியம் செய்தவளும் நான். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று வந்தபோது தரையைக் காப்பாற்றினேன்.


பிப்ரவரி 15, ஞாயிறு

துணி எடுக்க வீட்டுக்கு. நல்ல வெயில், கோபம் வரும் அளவு நல்ல வெயில்.

வேலை முடிந்திருந்தது. இரண்டு பலகை, ஒரு கோடு. இரண்டு பலகை, ஒரு கோடு. குறுக்கே, பதினான்கு. அன்வர் பாய் ஸ்கேல் வைத்துக் காட்டினார்: பதினாறு, பதினாறு, பதினாறு. மயிரிழை பிசகவில்லை. தானே ஒரு தடவை கோட்டைத் தாண்டித் தாண்டி நடந்தும் காட்டினார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயதானவர் போல. "பாபுஜி எப்ப வர்றார் தீதி?"

சொன்னேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, வாசலில் பலகை முடியும் இடத்தில் பட்டி ஒட்டுவது பாக்கி இருக்கிறது, அது வந்ததும் வந்து ஒட்டித் தருகிறேன் என்று சொல்லிக் கருவிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் துணியில் துடைத்து, சத்தம் வராமல்.

அவர் போன பிறகு நான் நடந்து பார்த்தேன். கால் தானாக எழும்புகிறது. எனக்குத் தேவையில்லாத இடத்திலும்.

என்னைத் தவிர இந்த நோட்டைப் படிக்கத் தெரிந்தவர் இந்த வீட்டில் அப்பா ஒருவர்தான். அவரால் பக்கம் திருப்ப முடியாது. அதனால் எதுவும் எழுதலாம் என்று இருந்தேன். இப்போது எழுத ஒன்றும் வரவில்லை.


பிப்ரவரி 18, புதன்

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்கிறார்கள். நன்றாக என்றால்: இடுப்பு மூட்டுப் பந்து மாற்றியாகிவிட்டது, உட்கார வைக்கலாம், சக்கர நாற்காலி. நடை? பெரிய டாக்டர் பேனாவை மூடினார். "பார்க்கின்சன் இல்லேன்னா ஆறு வாரம்னு சொல்லுவேன்."

அண்ணா திங்களே வந்துவிட்டான். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். கேன்டீன் டீயை என் பக்கம் நகர்த்தி, "நீ சாப்ட்டியா?" என்றான். அவ்வளவுதான்.

நேற்று வீட்டில் குளித்துவிட்டு வந்தவன் சொன்னான்: "ஹால் நல்லா இருக்கு கோமு. என்ன, கோடு கோடா." பிறகு அவனே கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். லிஃப்டில் நின்றுகொண்டு, கண்ணைப் பார்க்காமல், "நான் ஒரு தடவை நடக்கட்டும்னு சொன்னதுக்கா?" என்றான்.

லிஃப்ட் திறந்துவிட்டது.

கோவைக்கு 24, செவ்வாய், காலை ஃப்ளைட். சக்கர நாற்காலிக்குச் சொல்லியாயிற்று. நான் மறுக்கவில்லை. எதை வைத்து மறுப்பது? இந்த மூன்று நாளில் சு. மட்டும்தான் அழுதாள், அதுவும் பெட்ஷீட் மடிக்கிற சாக்கில்.

அப்பா ஒருமுறை கண் திறந்து, "ஏளா, தரை முடிஞ்சிட்டா?" என்றார்.

"முடிஞ்சிட்டுப்பா."

எனக்கே தெரியாமல் அவர் ஊர்ப் பேச்சில் பதில் சொன்னேன்.


பிப்ரவரி 21, சனி

டிஸ்சார்ஜ். பனி இல்லை. வீடு வந்து சேர மணி நாலு.

செய்ய வேண்டியது: டிரங்கிலிருந்து பென்ஷன் பேப்பர், மாத்திரை ஒரு மாதத்துக்கு, குல்லா, அம்மா போட்டோ (சின்னது).

கீழ்த்தளம் என்பதால் அண்ணா நாற்காலியை நேராக உள்ளே தள்ளினான். வாசலில் ஒரு குலுக்கல், பட்டி இன்னும் ஒட்டவில்லை. அப்பா தலை கவிழ்ந்திருந்தது. குளியலறைக்குப் போக வேண்டும் என்று சைகை காட்டினார். அண்ணா அவர் அறை வாசலில் நாற்காலியைத் திருப்பி, ஹால் வழியாகத் தள்ள ஆரம்பித்தான்.

முதல் கோடு வந்தபோது அப்பாவின் வலது கால் கால்தாங்கியிலிருந்து எழும்பியது. அரை அங்குலம். இறங்கியது.

இரண்டாவது கோடு. இடது காலின் முறை. கட்டுப் போட்ட கால். கட்டைவிரல் மட்டும்.

மூன்றாவது. வலது.

"அப்பா, கால ஆட்டாதீங்க, வலிக்கும். கீழ வைங்க," என்றான் அண்ணா.

"அண்ணா, விடு," என்றேன். "மெதுவாத் தள்ளு."

அவன் குனிந்து பார்த்தான். தரையை, காலை, மறுபடி தரையை. அதற்குப் பிறகு கோட்டுக்குக் கோடு நிறுத்தி நிறுத்தித் தள்ளினான். வலது. கட்டைவிரல். வலது. கட்டைவிரல். சு. டவலோடு சுவரோரம் நின்றுவிட்டாள். அப்பா தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உதடு அசைந்தது, எண்ணுகிறார்.

பதினான்காவது கோட்டைத் தாண்டியதும் கையை நீட்டிக் கதவைத் தொட்டார்.

"சங்கரு," என்றார். அண்ணாவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை மாதம். "பாத்தியாலே? நடந்துட்டேன்."